அடி விழும் இடங்கள்

எங்கள் ஆபீஸில் யாருக்குக் கோபம் வந்தாலும் அடி வாங்குவது நெட் ஒயர்தான். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டின் மேல் கீழும் மாடியுமாக ஒரு கட்டடம். கீழே பெரிய ஹால், அதன் பின்னால் பருப்பு மூட்டை அடுக்கிய குடோன், மாடியில் மூன்று அறைகள். மொத்தம் பதினான்கு கம்ப்யூட்டர். பருப்பு மொத்த வியாபாரம். நான், ரேணுகாதேவி, பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பதினோரு வருஷம் அங்கே பில் போட்டேன்.

முதலாளிகள் அண்ணன் தம்பி. மூத்தவர் தனுஷ்கோடி, இளையவர் ராம்குமார். லாரி வாசலில் நிற்கும்போது நெட் நின்று பில் வராவிட்டால் மூத்தவர் வாயைத் திறக்க மாட்டார். மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடுங்குவார். சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும். இளையவருக்கு ஒயர் பற்றாது. ஒருதடவை பிரிண்டரைத் தூக்கி மாடிப்படியில் விட்டெறிந்தார். அது ஒவ்வொரு படியாக இறங்கி வந்து என் காலடியில் நின்றது. நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு பில்லைத் தொடர்ந்து போட்டேன். பழகிப்போனால் எல்லாம் அப்படித்தான்.

பழைய ஒயர் முழுக்க ஒட்டுப் போட்டது. டேப் சுற்றாத இடம் கிடையாது. நெட் பெட்டியின் மூடி எடைக்கல்லால் அடிபட்டு நசுங்கிக் கிடந்தது. அப்பா இறந்து பத்து மாதமாகியும் சொத்து பாகம் பிரியவில்லை. வேறு எந்தப் பேச்சிலும் ஒத்துப்போகாத அண்ணனும் தம்பியும் ஒயரை மாற்ற வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அப்படித்தான் வீரபாண்டி வந்தான்.

பரளச்சிக்காரன். நாற்பது வயது. நல்ல உயரம், தோள் அகலம். யாரிடம் பேசினாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வான். முதலாளிக்குக் காட்டும் மரியாதை என்று முதலில் நினைத்தேன். என்னிடமும், டீ கொண்டுவருகிறவரிடமும் அப்படித்தான் நின்றான்.

முதல் நாள் ஏணியும் கொண்டுவரவில்லை, மெஷினும் கொண்டுவரவில்லை. அளவு டேப், பென்சில், ஒரு பழைய காலண்டர் தாள். தாளின் பின்பக்கம் கட்டடத்தை வரைந்துகொண்டு என் மேஜைக்கு வந்தான்.

“அக்கா, இங்க யாருக்குக் கோவம் ஜாஸ்தி?”

“எதுக்குக் கேக்க?”

“எங்க நின்னு கோவப்படுவாக, கை எது வரைக்கும் எட்டும்னு தெரிஞ்சாத்தான் ஒயரு போட முடியும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் வந்து ஒயர் இழுத்தார்கள், ஒருத்தனும் இதைக் கேட்டதில்லை. நான் எழுந்து ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். இங்கே மூத்தவர் ஒயரைப் பிடுங்கியது, இங்கே இளையவர் உதைத்தது, இந்தக் கதவிடுக்கில் வேண்டுமென்றே நசுக்கியது. அவன் தாளில் ஒவ்வோர் இடத்திலும் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டான். மேலே ‘அடி விழும் இடங்கள்’ என்று எழுதினான். அப்போது அதைப் படித்தும் சிரித்தேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

மூன்று நாள் அளந்தான். மூத்தவர் ஆறடி, கையைத் தூக்கினால் எட்டடி, ஆகவே சுவரில் போகிற ஒயர் எல்லாம் எட்டரை அடிக்கு மேலே. தரையோரம் போட்டால் மிதிபடும், ஆகவே அங்கே எதுவும் கிடையாது. கரண்டு ஒயருக்கும் நெட் ஒயருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒவ்வொரு மேஜைக்கும் இரண்டு ஒயர், ஒன்றைப் பிடுங்கினாலும் இன்னொன்று வேலை செய்யும். எல்லா ஒயரும் வந்து சேர்கிற பெட்டி இதுவரை ஹாலில் மூத்தவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை மாடிப்படிக்கு அடியில் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்றான். சாவி முதலாளிகள் இருவரிடமும் இருக்கக் கூடாது, என்னிடம் இருக்க வேண்டும்.

“கோவம் வந்தவன் சாவியத் தேடுற நேரத்துல பாதிக் கோவம் எறங்கிரும்க்கா,” என்றான்.

ராம்குமார், ஒயரே வேண்டாம், வை-ஃபை போட்டுவிடலாமே என்று கேட்டார். இரண்டடிச் சுவர், குடோன் முழுக்க இரும்பு அலமாரி, சிக்னல் உள்ளே போகாது என்று பணிவாகச் சொன்னான். அவர் மாடிக்குப் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான், “ஒயரே இல்லைன்னா இவுக ஆளத்தான் அடிப்பாகக்கா.”

இப்படியெல்லாம் கணக்குப் போட இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நான் மதியச் சோறு சாப்பிடும்போது எதிரே நின்றபடி சொன்னான். என் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

பரளச்சியில் அவன் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அடுத்தடுத்து மானாவாரி நிலம். பெரியப்பா வீட்டில் ஒவ்வொரு வருஷமும் உழும்போது வரப்பில் ஒரு சாண் சேர்த்து உழுதார்கள். ஏன் என்று கேட்கப் போன வீரபாண்டியின் அம்மாவை, பெரியப்பா மகன் வயிற்றில் மிதித்தான். புஞ்சைக்குள் விழுந்து மண்ணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வீரபாண்டிக்கு அப்போது இருபத்தோரு வயது. கையில் மம்பட்டி இருந்தது. பெரியப்பா மகன் உயிர் பிழைத்தான், இடது கால் முழங்காலோடு போயிற்று. வீரபாண்டி ஐந்து வருஷம் மதுரை ஜெயிலில் இருந்தான். வெளியே வந்தபோது ஊருக்குள் நுழைய முடியவில்லை. அருப்புக்கோட்டையிலேயே கேபிள் டிவிக்காரரிடம் ஏணி தூக்கி, ஒயர் இழுத்து, பிறகு ஆபீஸ்களுக்கு நெட் ஒயர் போடக் கற்றுக்கொண்டான்.

ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள். காரியாபட்டியில் சத்யபிரியா என்று ஒருத்தி ஒத்துக்கொண்டாள். அவளுடைய அண்ணனைப் புளியமரக் குத்தகைச் சண்டையில் சந்தைக்குள் வைத்து வெட்டிக் கொன்றிருந்தார்கள். அந்த உடம்பைக் கழுவியவள் அவள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே நேருக்கு நேர் சொல்லிவிட்டாள், எந்தக் காரணத்துக்காகவும், யார் மேலேயும் கை ஓங்கினாயென்று தெரிந்தால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன், திரும்ப வரமாட்டேன். திருச்சுழி கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் கழுத்தை நீட்டினாள். இப்போது ரோஷினி என்று ஒன்பது வயதில் பெண் இருக்கிறாள்.

“சொன்னா சொன்னதுதான்க்கா அவ. போயிருவா. பிள்ளையவும் கூட்டிட்டுப் போயிருவா,” என்றான் வீரபாண்டி. அவன் கை அப்போதும் பின்னால்தான் இருந்தது.

அந்தச் சத்தியத்தை வைத்து ஊர் அவனைப் படுத்தியது. போட்டிக்கு ஒயர் போடுகிற ஒருவன் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க அவனைக் கன்னத்தில் அறைந்தான். வீரபாண்டி வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சொரணை கெட்டவன் என்று பேர். இந்த ஊரில் அடிக்கிறவனுக்கு இருக்கிற மதிப்பு அடி வாங்குகிறவனுக்கு என்றைக்கு இருந்தது.

திட்டத்தில் ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஹாலின் நடுவில் வரிசையாக நாலு பில் மேஜைகள். சுவரிலிருந்து அவை தள்ளி இருந்தன. மேலே கூரையிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டால் மூத்தவர் பிடித்து இழுப்பார். ஆகவே நடுத் தரையை வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் விரல் அகலத்துக்கு வெட்டி, ஒயரைக் குழாயில் புதைத்து, மேலே சிமெண்ட் பூசிவிடுவது என்று முடிவு. யார் கையும் எட்டாது, யார் காலும் படாது. ராம்குமார் சரி என்றார். அண்ணனிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியது. தனுஷ்கோடி அண்ணாச்சி உளுந்து பார்க்கக் காரியாபட்டிப் பக்கம் போயிருந்தார். பழைய ஒயரை எல்லாம் உருவி மூலையில் குவித்தாயிற்று. ஹாலில் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராவின் ஒயரும் அதோடு போனது. மேஜைகளை ஓரமாகத் தள்ளித் தரையைக் கூட்டிவிட்டு, வீரபாண்டி காவிப்பொடி தடவிய நூலை எடுத்தான். கொத்தனார்கள் அடிக்கிற நூல்தான். ஒரு முனையை வாசலில் அவன் பிடித்தான். மறுமுனையைப் பின்சுவரோரம் நான் பிடித்தேன். நடுவில் வந்து ஒரு சுண்டு சுண்டினான். ஹாலின் நட்டநடுவில் வாசலிலிருந்து கடைசி வரைக்கும் செக்கச்செவேலென்று நேர்க்கோடு விழுந்தது.

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி ஒரே வீட்டைப் பாகம் பிரிக்கும்போது இப்படித்தான் நடுவீட்டில் நூல் அடிப்பார்கள். மறுநாள் அந்தக் கோட்டின் மேல் செங்கல் ஏறும். வரப்புக்காக ஜெயிலுக்குப் போனவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அவனுக்கு அது ஒயர் போகிற வழியாக மட்டுமே தெரிந்தது. எனக்குத் தோன்றியது. தோன்றியதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா.

“என்ன வீரபாண்டி, பாகம் பிரிச்சாச்சு போல,” என்று சொல்லிச் சிரித்தேன்.

குடோன் வாசலில் மூட்டையோடு நின்ற மொக்கையன் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு மூட்டை தூக்குகிறவர் அவர். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையை இறக்கிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகிறவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கேலி பேசிய என் வாயை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தனுஷ்கோடி அண்ணாச்சி காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ராம்குமார் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கினார். அண்ணன் கோட்டின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே போய்ப் பின்சுவரில் நிறுத்தினார்.

“அப்பாவுக்கு வருசத் திவசம் முடியல. அதுக்குள்ள நூல் அடிச்சிட்டியாலே,” என்றார்.

ஒயருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ராம்குமாருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

“ஆமா, அடிச்சேன். என்ன செய்வீக?”

நான் வாயைத் திறந்தேன். வீரபாண்டியும், “அண்ணாச்சி, இது ஒயருக்கு,” என்றான். இரண்டு பேர் சத்தமும் யார் காதிலும் விழவில்லை. ஷட்டரை இழுக்கிற இரும்புக் கம்பி வாசல் ஓரத்தில் சாத்தியிருந்தது. மூத்தவர் அதை எடுத்த கையோடு வீசினார். முதல் அடி ராம்குமாரின் தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி தலையில். ராம்குமார் அந்தக் கோட்டின் மேலேயே குப்புற விழுந்தார். ரத்தம் காதோரம் இறங்கிக் காவிப்பொடியோடு கலந்தது. மூத்தவர் நிறுத்தவில்லை. இடுப்பில் ஒன்று, தொடையில் ஒன்று. அடிக்கும்போது, “அப்பா, அப்பா,” என்று சொல்லிக்கொண்டே அடித்தார்.

வீரபாண்டியின் கையில் தரை வெட்டுகிற மெஷின் இருந்தது. நாலு கிலோ கனம் இருக்கும். மூத்தவர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு வீச்சில் முடிந்திருக்கும். அவன் கை மேலே எழுந்ததை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். மார்பு உயரம் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. அவன் முகம் முழுக்க வேர்த்திருந்தது. பிறகு மெஷினைப் பக்கத்து மேஜை மேல் வைத்தான். விசையை அணைத்து, ஒயரைச் சுற்றி, ஒழுங்காக வைத்தான். அந்த நேரத்துக்குள் இன்னும் ஓர் அடி விழுந்தது.

வைத்துவிட்டுப் போய் ராம்குமாரின் மேல் படுத்தான்.

மூத்தவருக்குக் கீழே கிடப்பது யார் என்று தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். முதுகில் அடித்தார். விலாவில் அடித்தார். வீரபாண்டி வலது கையை விரித்து ராம்குமாரின் தலையின் மேல் வைத்து மூடிக்கொண்டான். தலைக்கு ஓங்கிய அடிகள் எல்லாம் அந்தக் கையில் இறங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது அடியில் விரல்கள் விரல்களாக இல்லை. அவன் கத்தவில்லை. கத்தியது நான்தான். அதற்குப் பிறகுதான் மொக்கையன் ஓடிவந்து மூத்தவரை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தார். கம்பி தரையில் விழுந்து உருண்டது.

இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ராம்குமாருக்குத் தலையில் ஒன்பது தையல், தோளில் கட்டு. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மதியம் நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். மூத்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தம்பியும் அழுதார். போலீஸ்காரர் வந்து யார் அடித்தது என்று கேட்டார். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒயரு போட வந்தவன் அடிச்சான். அண்ணன்தான் வந்து தடுத்தாக,” என்றார் ராம்குமார்.

ஒயரை மாற்றுகிற விஷயம் தவிர, பத்து மாதத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே பேச்சாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். வீரபாண்டியின் பழைய கேஸ் ஊருக்கே தெரியும். கேமராவில் ஒன்றும் பதிவாகவில்லை. அடுத்த வார்டில் வீரபாண்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். மொக்கையனைக் கேட்டால், தான் அப்போது குடோனுக்குள் இருந்ததாகச் சொன்னார். அவருக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. சொல்லத்தான் செய்கிறேன், வேறென்ன.

நான் நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். நூல் முனையைப் பிடித்தது நான், கேலி பேசியது நான், அடித்தது மூத்தவர், அடி வாங்கியது வீரபாண்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர், “நீங்க அந்த ஆபீஸ்லதான வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார்.

“இன்னைக்குக் காலை வரைக்கும் பாத்தேன் சார்.”

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் தம்பியும் புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ராம்குமார் ஏணியிலிருந்து விழுந்ததாக எழுதிக் கொடுத்தார்கள். கட்டடத்தை இன்றுவரை பாகம் பிரிக்கவில்லை. வீரபாண்டி வரைந்த காலண்டர் தாளை வைத்தே வேறோர் ஆளைக் கொண்டு ஒயரைப் போட்டு முடித்தார்கள். நெட் இப்போது நிற்பதே இல்லையாம். என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

ஆனால் அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது இதெல்லாம் யாருக்குத் தெரியும். வாசலில் ஒரு பெண் நின்றாள். ஒல்லி உடம்பு. ஒரு கையில் ரோஷினியைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் துணி அடைத்த பெரிய பை. ஆஸ்பத்திரியில் தங்குவதற்குக் கொண்டுவந்த பையா, பஸ் ஏறுவதற்குக் கட்டிய பையா என்று எனக்குத் தெரியவில்லை.

“நீங்கதான ரேணுகாதேவி அக்கா?” என்றாள். “இவுக ஒரு ஆளை அடிச்சிட்டாகன்னு ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு. இன்னும் உள்ள போகல. நீங்க பக்கத்துல நின்னீகளாம். கை ஓங்கினாகளா, இல்லையா. அத மட்டும் சொல்லுங்க.”

கை எழுந்ததையும் சொன்னேன். மார்பு உயரத்தில் நின்றதையும் சொன்னேன். மெஷினை அணைத்து வைத்ததை, போய்ப் படுத்ததை, விழுந்த அடிகளை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் பிள்ளையோடு பின்னால் போனேன்.

வீரபாண்டி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பார்த்ததும் அவன் பார்வை பையில் போய் விழுந்தது. அத்தனை அடிக்கும் கலங்காத கண் அப்போது கலங்கியது.

“நான் அடிக்கல பிரியா,” என்றான்.

அவள் போர்வையை விலக்கி அந்தக் கையைப் பார்த்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. வெகுநேரம் பார்த்தாள். பிறகு போலீஸ்காரர் நிற்பதையும் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஒரு அடி அடிச்சிருக்கலாம்ல. ஒரே ஒரு அடி.”

அவன் தலையை அசைத்தான்.

“ஒண்ணோட நிக்காது பிரியா. அன்னைக்குப் புஞ்சையில நான் ஒரு வெட்டுக்குத்தான் மம்பட்டிய எடுத்தேன்.”

அவள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று என்னைக் கேட்டாள்.